செயற்கைக்கோள் படங்களை ஒட்டும்போது வரும் கறுப்பு ஓரம்: எங்கிருந்து வருகிறது, எப்படி நீக்குவது

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். வட தமிழ்நாட்டுக்கும் கொங்குப் பகுதிக்கும் சேர்த்து ஒரே மொசைக் (பல படங்களை ஒட்டிச் செய்த ஒரே படம்) வேண்டும். அதற்காக லேண்ட்சாட் 8, 9 படங்கள் சிலவற்றை இணைக்கிறார்கள். ஒவ்வொரு படத்தின் இடத்தையும் பாதை, வரிசை என்ற இரண்டு எண்கள் குறிக்கும்: சென்னையைக் கொண்ட பாதை 142, வரிசை 51, அதற்குக் கீழே 142/52, மேற்கே 143/52, கோயம்புத்தூர்ப் பக்கம் 144/52. இணைத்ததும் ஒரு படத்தின் ஓரத்திலிருக்கும் கறுப்பு முக்கோணம் பக்கத்துப் படத்தின் நிலத்தை மூடிவிடுகிறது. 0 என்ற மதிப்பை வெளிப்படையாக்கினால் முக்கோணம் போகிறது, ஆனால் ஒட்டிய இடம் நெடுக மெல்லிய கருங்கோடு நிற்கிறது. போதாததற்குப் பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகளின் நடுவில் ஓட்டைகள் விழுகின்றன. என்ன செய்வது?

இவை மூன்று தனித்தனிச் சிக்கல்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் அடிப்படைக் காரணம் ஒன்றுதான்: தரவு இல்லாத இடம் எது என்பதை மென்பொருளிடம் சொல்லாமலோ, காலம் தாழ்த்திச் சொல்லியோ வேலையை நடத்துவது. எந்தக் கணக்கும் பிக்சல்களைத் தொடுவதற்கு முன்பே "இது படம், இது வெற்றிடம்" என்று பிரித்துவிட வேண்டும். மறுதிட்டம் (படத்தை வேறு வரைபடத் திட்டத்துக்கு மாற்றுவது), அளவு மாற்றம், நிறச் சமன், கலப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் பின்னால் எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் ஓரத்தைச் சுத்தமாக எடுக்க முடியாது.

ஓரம் ஏன் வருகிறது

லேண்ட்சாட் செல்லும் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 98.2 பாகை சாய்ந்தது. அதனால் அது எடுக்கும் ஏறத்தாழ 185 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டை, வடக்கு மேலே இருக்கும்படி வரைந்த யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் வரைபடத் திட்டம்) கட்டத்தில் சாய்ந்துதான் உட்காரும். கோப்போ செவ்வகமாக இருந்தாக வேண்டும். நான்கு மூலையிலும் மிஞ்சும் முக்கோணங்களை நிரப்பு மதிப்பு போட்டு மூடுகிறார்கள். லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2-இல் பட பேண்டுகளுக்கு (ஒவ்வொரு ஒளி அலைநீள வரம்புக்கும் ஓர் அடுக்கு) அந்த மதிப்பு 0. ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோளிலும் 0. பழைய லேண்ட்சாட் கலெக்‌ஷன் 1-இன் தரைப் பிரதிபலிப்புக் கோப்புகளில் −9999. கையில் இருப்பது எந்தத் தலைமுறைத் தரவு என்று பார்க்காமல் 0 என்று அடித்துவிடுவது முதல் தவறு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லேண்ட்சாட் ஜியோடிஃப் கோப்பு பலவற்றில் நோடேட்டா (தரவு இல்லை என்று குறிக்கும்) மதிப்பு கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்கும். நீங்கள் பேண்டுகளை ஒன்றாக அடுக்கிப் புதுக் கோப்பு எழுதும்போது பல மென்பொருள்கள் அந்தக் குறிப்பைக் கொண்டுவராமல் விட்டுவிடும். அடுக்கிய கோப்பில், ஜிடால் (GDAL) என்ற இலவசக் கருவித்தொகுப்பின் ஜிடால்இன்ஃபோ ஓட்டி ஒவ்வொரு பேண்டுக்கும் நோடேட்டா வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஜிடால் எடிட் கருவியில் 'ஏ நோடேட்டா 0' என்று கொடுத்தால் போதும். அது தலைப்பை மட்டும் மாற்றும். பிக்சல் எதையும் தொடாது, சில நொடிகளில் முடியும்.

முதலில் மதிப்பைப் படியுங்கள்

திரையில் கறுப்பாகத் தெரிவதால் அது 0 என்று ஆகாது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஐடென்டிஃபை கருவியை எடுத்து மூன்று இடங்களில் சொடுக்குங்கள்: கறுப்பு முக்கோணத்தின் நடுவில், ஓரத்திலிருந்து இரண்டு மூன்று பிக்சல் உள்ளே, ஓர் ஆழமான ஏரியின் நடுவில். எல்லாப் பேண்டுகளின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காட்சி வரம்பை 0 முதல் 20 வரை (16-பிட் கோப்பென்றால் 0 முதல் சில நூறு வரை) சுருக்கி ஓரம் முழுக்க ஒருமுறை பாருங்கள். அசல் தரவாக இருந்தால் 0-இலிருந்து நேராகப் பல ஆயிரத்துக்குத் தாவும், இடையில் எதுவும் இருக்காது. 1, 4, 300, 2100 என்று படிப்படியாக ஏறினால் யாரோ ஏற்கெனவே அதை மறுமாதிரி எடுத்திருக்கிறார்கள் (பிக்சல்களைப் புதிய கட்டத்துக்குக் கணக்கிட்டு மாற்றியிருக்கிறார்கள்) அல்லது இழப்புள்ள சுருக்கத்தில் சேமித்திருக்கிறார்கள். இந்த ஒரு சோதனையே பாதி விடையைத் தந்துவிடும்.

மதிப்பு 0-ஆக இல்லாமல் −0.2 என்று வந்தால் திகைக்க வேண்டாம். கலெக்‌ஷன் 2 தரைப் பிரதிபலிப்பை உண்மையான அலகுக்கு மாற்ற, எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழிக்கிறோம். நிரப்பு மதிப்பான 0-வும் அந்தச் சூத்திரத்தில் நுழைந்து −0.2-ஆக வெளியே வருகிறது. அதன்பின் "0-வைத் தவிர்" என்று எத்தனை முறை சொன்னாலும் கருவி எதையும் தவிர்க்காது. சென்டினல் 2-இலும் இதே கதை: 2022 ஜனவரி 25 முதல் செயலாக்கப் பதிப்பு 04.00 வந்தபோது எண்களில் 1000 கூட்டப்பட்டது. 1000-ஐக் கழித்து 10000-ஆல் வகுத்தால் நிரப்பு பிக்சல் −0.1 ஆகிவிடும். ஆகவே மாஸ்க் (எந்தப் பிக்சல் செல்லும், எது செல்லாது என்று குறிக்கும் அடுக்கு) எடுத்த பிறகே அலகு மாற்றுங்கள். சென்டினலில் அந்தத் தேதிக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களைக் கழிக்காமல் ஒட்டினால் ஓரம் சுத்தமாக இருந்தாலும் வெளிச்சத்தில் ஒரு படி தெரியும். அது ஓரச் சிக்கல் என்று நினைத்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஏரியில் ஓட்டை

உங்கள் ஏரிகளில் ஓட்டை விழக் காரணம், 16-பிட் படத்தை 8-பிட்டாக மாற்றியபோது இருண்ட நீர் 0-க்கு நசுங்கியது. அசலில் நீரின் எண் 7000-க்கு அக்கம்பக்கம் இருக்கும், நிரப்பு 0-ஆக இருக்கும். இரண்டும் குழம்பவே வாய்ப்பில்லை. குறைந்த மதிப்பை 0-க்கும் கூடிய மதிப்பை 255-க்கும் நீட்டியதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இனி எந்த எண்ணை வெளிப்படையாக்கினாலும் ஏரியும் சேர்ந்து போகும்.

சரியான வழி: 8-பிட்டில் 0-வை நிரப்புக்கென்றே ஒதுக்கிவைத்து, உண்மையான தரவை 1 முதல் 255-க்குள் அடக்குவது. ராஸ்டர் கணிப்பானில் இப்படிச் செய்யலாம். 7273 என்ற எண் பிரதிபலிப்பு 0-க்கும், 20000 என்பது 0.35-க்கும் சமம். அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டு, எண்ணிலிருந்து 7273-ஐக் கழித்து, 12727-ஆல் வகுத்து, 254-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். 1-க்குக் கீழே போனால் 1, 255-ஐத் தாண்டினால் 255. கடைசியாக, அசலில் 0-ஆக இருந்த இடத்துக்கு மட்டும் 0 எழுதுங்கள். ஏரியின் மிக இருண்ட பிக்சலும் 1-இல் நின்றுவிடும். மொசைக் செய்வது 16-பிட்டில், 8-பிட்டாக்குவது எல்லாம் முடிந்தபின் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எண்ணை நம்பாமல் மாஸ்க்கை நம்புவது இதைவிடப் பலமான வழி. லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2 படத்தோடு ஒவ்வொரு பிக்சலின் தரத்தையும் குறிக்கும் க்யூஏ பிக்சல் என்ற பேண்ட் வருகிறது. அதில் பிட் 0 நிரப்பைக் குறிக்கும். நிரப்பு பிக்சலின் மதிப்பு 1. அதே பேண்டில் பிட் 3 மேகம், பிட் 4 மேக நிழல். ஆகவே ஒரே கணக்கில் வெற்றிடத்தையும் மேகத்தையும் நீக்கிய மாஸ்க் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: க்யூஏ பேண்டை மறுதிட்டம் செய்யும்போது அருகமைப் பிக்சல் முறையைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது. இரண்டு க்யூஏ எண்களின் சராசரிக்கு எந்தப் பொருளும் கிடையாது.

அந்த மெல்லிய கருங்கோடு

இதுதான் பெரும்பாலோரை வாட்டுவது. மறுமாதிரி எடுக்கும்போது பைலீனியர் முறை ஒரு புதிய பிக்சலுக்குச் சுற்றியுள்ள 2×2 பிக்சல்களையும், கியூபிக் முறை 4×4 பிக்சல்களையும் எடுத்துக் கலக்கிறது. லாங்க்சோஸ் இன்னும் அகலமாக 6×6 எடுக்கும். படத்தின் விளிம்பில் இந்தச் சாளரத்துக்குள் பாதி நிலமும் பாதி 0-வும் விழுகின்றன. கலப்பின் விளைவு 0-வும் இல்லை, உண்மையான நிலமும் இல்லை. 0-வை வெளிப்படையாக்கினால் இந்த இடைநிலைப் பிக்சல்கள் தப்பித்து நின்று கோடாகத் தெரிகின்றன.

மறுதிட்டம் செய்யும் ஜிடால்வார்ப் கருவியில் முன்பே 'எஸ்ஆர்சி நோடேட்டா 0' (மூலப் படத்தில் 0-தான் வெற்றிடம்) கொடுத்துவிட்டால் அது நிரப்பு பிக்சல்களைக் கலப்பிலிருந்தே விலக்கிவிடும். கோடு பிறக்கவே பிறக்காது. 'டிஎஸ்டி நோடேட்டா 0' என்பதையும் சேர்த்துக் கொடுங்கள், வெளியீட்டில் வெற்றிடம் வெற்றிடமாகவே பதிவாகும். முதலாவதைக் கொடுக்காமல் இரண்டாவதை மட்டும் கொடுப்பது பலர் செய்வது. அப்படிச் செய்தால் முக்கோணம் மறையும், கோடு மிஞ்சும். நீங்கள் விவரிக்கும் நிலை அப்படியே இதுதான்.

பல பேண்ட் கோப்பில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எஸ்ஆர்சி நோடேட்டாவை வெளிப்படையாகக் கொடுத்தால் ஜிடால்வார்ப் இயல்பாக 'யூனிஃபைடு எஸ்ஆர்சி நோடேட்டா' தேர்வை 'யெஸ்' என்று வைத்துக்கொள்கிறது. அதாவது எல்லாப் பேண்டிலும் 0 இருந்தால்தான் அந்தப் பிக்சல் வெற்றிடம். ஏரியைக் காப்பாற்ற இது நல்லது. ஆனால் பேண்டுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாத படங்களில் இதுவே தொல்லை தரும்.

லேண்ட்சாட் 5 படங்களில் இதைத் தெளிவாகக் காணலாம்: கிழக்கு, மேற்கு ஓரங்களில் சிவப்பு, பச்சை, நீலமாகச் சிதறிய பல்வரிசை. ஒவ்வொரு பேண்டின் உணரிகளும் குவியத்தளத்தில் வேறு இடத்தில் இருப்பதால் ஒரு பேண்ட் கொஞ்சம் முன்னதாகவும் இன்னொன்று கொஞ்சம் பின்னதாகவும் முடிகிறது. லேண்ட்சாட் 8-இன் ஓஎல்ஐ கருவியில் 14 உணரித் தொகுதிகள் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையில் நிற்கின்றன. சென்டினல் 2-இல் பேண்டுக்கு 12 உணரிகள் அப்படியே மாறிமாறி நிற்கின்றன. அதனால் பட்டை தொடங்கும் முடியும் இடங்களில் விளிம்பு ரம்பப் பல்லாக வரலாம். இப்படிப்பட்ட ஓரத்துக்கு 'வார்ப் ஆப்ஷன்' வழியாக அதே தேர்வைப் 'பார்ஷியல்' என்று மாற்றுங்கள்: ஏதேனும் ஒரு பேண்டில் 0 இருந்தாலே முழுப் பிக்சலும் நீங்கும். அப்போது ஏரியில் ஏதாவது ஒரு பேண்டில் தற்செயலாக 0 வந்தாலும் ஓட்டை விழும் என்பதை மறக்க வேண்டாம். 16-பிட் அசலில் அந்த ஆபத்து நடைமுறையில் இல்லை. நீட்டிய 8-பிட்டில் நிச்சயம் உண்டு.

கூகுள் எர்த் எஞ்சினில் வேலை செய்பவர்கள் இதையே வேறு விதமாகச் செய்யலாம். எல்லாப் பேண்டுகளின் மாஸ்க்கையும் எடுத்து அவற்றின் சிறுமத்தைக் கண்டு, அதன்மேல் ஃபோகல் மின் ஓட்டிச் சில பிக்சல் அரித்து, அப்டேட் மாஸ்க்கில் திரும்பப் போட வேண்டும். அங்கே மொசைக் செயலி பட்டியலில் கடைசியில் இருக்கும் படத்தை மேலே வைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கெட்டுப்போன ஓரத்தை வெட்டி எடுப்பது

அசல் கோப்பு கையில் இல்லை, யாரோ மறுமாதிரி எடுத்த கோப்புதான் இருக்கிறது என்றால், கலப்படமான பிக்சல்களை வெட்டுவது தவிர வழியில்லை. எவ்வளவு வெட்டுவது? பைலீனியர் என்றால் 1 பிக்சல், கியூபிக் என்றால் 2, லாங்க்சோஸ் என்றால் 3 வரை கெட்டிருக்கும். இருமுறை மறுமாதிரி எடுத்திருக்கலாம் என்று கணக்கிட்டு 4 பிக்சல் வெட்டினால் லேண்ட்சாட்டில் அது 120 மீட்டர்தான். நிலநடுக்கோட்டருகே பக்கத்துப் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று 7.3 சதவீதம், அதாவது 13 கிலோமீட்டருக்கு மேல் படிகின்றன. தமிழ்நாட்டின் அகலாங்கில் சற்றே கூடுதல். அதில் 120 மீட்டரைக் கொடுப்பதற்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் 2 செயற்கைக்கோளின் லிஸ் 4 கருவி போல 70 கிலோமீட்டர் அகலமே உள்ள படங்களில், வெட்டுவதற்கு முன் பக்கத்துப் படத்தோடு உண்மையில் எவ்வளவு படிகிறது என்று அளந்துவிடுங்கள். தாராளமாக வெட்டிப் பிறகு இடைவெளி திறந்துகொண்டால் அதை நிரப்ப ஒன்றும் இருக்காது.

வெட்டும் முறை இது. முதலில் தரவு உள்ள இடத்துக்கு 1, இல்லாத இடத்துக்கு 0 என்று ஒரு மாஸ்க் ராஸ்டர் செய்யுங்கள். அதைப் பாலிகனைஸ் கருவியில் கொடுத்தால் வெக்டர் பலகோணங்கள் கிடைக்கும். 1 என்ற மதிப்புள்ளவற்றில் மிகப் பெரியதை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சிறு ஓட்டைகளை நிரப்பி, −120 மீட்டர் பஃபர் கொடுங்கள் (எல்லை அவ்வளவு தூரம் உள்ளே சுருங்கும்). ஜிடால் 3.8-க்கு மேல் வைத்திருந்தால் ஜிடால் ஃபுட்பிரிண்ட் கருவி எல்லைக்கோட்டை நேரடியாகவே எடுத்துத் தரும். அந்தப் பலகோணத்தை ஜிடால்வார்ப்பில் 'கட்லைன்' ஆகக் கொடுத்தால் வெளியே இருப்பது அனைத்தும் வெற்றிடமாகும். பஃபரை மீட்டரில் கொடுக்கிறீர்கள் என்றால் பலகோணம் யூடிஎம்-இல் இருக்க வேண்டும். பாகையில் இருக்கும் அடுக்கில் −120 என்று கொடுத்தால் பலகோணமே காணாமல் போகும்.

ஜேபெக் சுருக்கத்தில் சேமித்த படங்கள் தனி வகை. அதில் சுத்தக் கறுப்பு என்பது தங்காது. 8×8 கட்டம் கட்டமாக மதிப்புகள் கசிந்து, கறுப்பில் 1, 2, 5 என்றும், வெள்ளை ஓரத்தில் 253, 254 என்றும் சிதறிக் கிடக்கும். நிறத்தைப் பாதி அளவில் சேமித்திருந்தால் கசிவு 16 பிக்சல் வரை நீளலாம். இங்கே ஜிடாலின் நியர்பிளாக் கருவி உதவும். அது ஓரத்திலிருந்து உள்நோக்கி வந்து, கறுப்புக்கு அருகான மதிப்புகளை எல்லாம் சரியான கறுப்பாக்கிக்கொண்டே போய், உண்மையான படம் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். நடுவிலிருக்கும் ஏரியைத் தொடாது என்பதுதான் அதன் பெரிய பலன். 'நியர்' அளவு சொல்லாவிட்டால் 15. 'என்பி' சொல்லாவிட்டால் 2, அதாவது இரண்டு கறுப்பல்லாத பிக்சல்கள் குறுக்கிட்டாலும் பொறுத்துக்கொண்டு மேலே தேடும். வெள்ளை ஓரத்துக்கு 'ஒயிட்' தேர்வு உண்டு.

அதில் மூன்று எச்சரிக்கைகள். வெளியீட்டுக் கோப்பின் பெயரைக் கொடுக்காவிட்டால் உங்கள் மூலக் கோப்பின் மீதே எழுதிவிடும். பிரதி இல்லாமல் தொடாதீர்கள். இயல்பான முறை வரிவரியாக இடம் வலம் மேல் கீழ் என்று தேடுவதால் உள்வளைந்த பள்ளங்களில் கறுப்பு மிஞ்சலாம், 3.8 முதல் உள்ள ஃப்ளட்ஃபில் முறை அதைச் சரிசெய்யும். படத்தின் ஓரத்திலேயே கடலோ நிழலோ தொடங்கினால் அதையும் கறுப்பு என்று எடுத்துக்கொண்டு உள்ளே தின்றுவிடும். வங்காள விரிகுடா படத்தின் ஒரு பகுதியை நிரப்பும் 142/51-இல் இது நிச்சயம் நடக்கக்கூடியது. அங்கே நியர் அளவை 3 அல்லது 5-க்குக் குறைத்துச் சோதியுங்கள், அல்லது கட்லைன் வழிக்கே போய்விடுங்கள்.

விளைவை 'செட்மாஸ்க்' அல்லது 'செட்ஆல்ஃபா' கொடுத்து மாஸ்க்காகச் சேமிப்பது நல்லது. மறுபடி ஜேபெக்கில் சேமிக்கப் போகிறீர்கள் என்றால் நோடேட்டா எண் மறுபடி சிதறும். உள் மாஸ்க் இழப்பின்றிச் சேமிக்கப்படுவதால் சிதறாது.

78 பாகை தீர்க்கரேகை

தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய ஒரு தொல்லை. யூடிஎம் மண்டலம் 43-உம் 44-உம் 78 பாகை கிழக்கில் சந்திக்கின்றன. அந்தக் கோடு மாநிலத்தின் நடுவே போகிறது. கோவை ஒரு பக்கம், மதுரையும் சேலமும் மறுபக்கம். பாதை 142 படங்கள் மண்டலம் 44-இல் வரும், பாதை 144 படங்கள் 43-இல் வரும். 143 படங்களின் மையம் அந்தக் கோட்டை ஒட்டியே விழுவதால் ஒவ்வொரு படத்தின் எம்டிஎல் கோப்பையும் (படத்தோடு வரும் விவரக் கோப்பு) திறந்து மண்டலத்தைப் பார்த்துவிடுங்கள்.

மண்டலம் மாறினால் மறுமாதிரி எடுத்தே ஆக வேண்டும், அங்கேதான் கருங்கோடு பிறக்கும். ஆகவே முழுப் பகுதிக்கும் ஒரே மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். 44 (இபிஎஸ்ஜி 32644) என்று வைத்துக்கொண்டால் 43-இல் வந்த படங்களை மட்டும், எஸ்ஆர்சி நோடேட்டா கொடுத்து, 30 மீட்டர் அளவில் மாற்றுங்கள். ஏற்கெனவே 44-இல் இருப்பவற்றைத் தொடாதீர்கள். தொட்டால் வீணாக ஒருமுறை மங்கும். 'டேப்' தேர்வைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் இங்கே தவறு: லேண்ட்சாட்டில் பிக்சலின் மையம்தான் 30-இன் மடங்கில் நிற்கிறது, விளிம்பு 15 மீட்டர் தள்ளி இருக்கிறது. டேப் தேர்வு விளிம்பை 30-இன் மடங்குக்கு இழுப்பதால் அரைப் பிக்சல் நகர்ந்துவிடும். 'டிஇ' தேர்வில் எல்லை எண்களை 44-இல் இருக்கும் படத்தின் கட்டத்தோடு பொருந்துமாறு நீங்களே கொடுங்கள்.

இணைப்பது

எல்லாம் ஒரே திட்டத்தில் வந்தபின் ஜிடால் பில்ட்விஆர்டி-யே சிறந்தது. எஸ்ஆர்சி நோடேட்டா 0, விஆர்டி நோடேட்டா 0 கொடுத்து ஒரு மெய்நிகர் மொசைக் செய்தால் வட்டில் இடம் பிடிக்காது, சில நொடியில் உருவாகும், பிடிக்காவிட்டால் வரிசையை மாற்றி மறுபடி செய்யலாம். பட்டியலில் பின்னால் வருவது மேலே விழும். மேகம் குறைந்த, மூடுபனி இல்லாத படத்தைக் கடைசியில் வையுங்கள். திருப்தியானபின் ஜிடால் ட்ரான்ஸ்லேட் மூலம் டிஃப்ளேட் சுருக்கத்தில், டைல் அமைப்பில் ஜியோடிஃப் ஆக்குங்கள். 4 ஜிபி தாண்டும் என்று தெரிந்தால் பிக்டிஃப் தேர்வையும் சேருங்கள்.

க்யூஜிஐஎஸ்-இல் ராஸ்டர் மெனு, மிஸெலேனியஸ், மெர்ஜ் வழியாகப் போகிறவர்கள் கூடுதல் அமைப்புகளைத் திறந்து இரண்டு பெட்டியிலும் 0 போட வேண்டும்: உள்ளே வரும் படத்தில் எதை நோடேட்டாவாகக் கொள்வது என்பது ஒன்று, வெளியீட்டில் எதை நோடேட்டாவாக எழுதுவது என்பது இன்னொன்று. முதல் பெட்டியை விட்டுவிட்டால் முக்கோணம் பக்கத்துப் படத்தை மூடியே தீரும். அடுக்கின் பண்புகளில் ட்ரான்ஸ்பரன்சி பக்கத்தில் 0 கொடுப்பது திரைக்கு மட்டும்தான்; கோப்பில் எதுவும் மாறாது. ஆர்க்ஜிஐஎஸ்-இல் பின்புல மதிப்பைக் காட்டாமல் மறைப்பதும் அப்படியே.

ஆர்க்ஜிஐஎஸ்-இல் மொசைக் டு நியூ ராஸ்டர் கருவியைத் திறந்ததும் பிக்சல் வகையைப் பாருங்கள். நீங்கள் மாற்றாவிட்டால் அது 8-பிட் என்று இருக்கும், 16-பிட் தரவு அங்கேயே நாசமாகும். அதற்கு முன் ஒவ்வொரு படத்துக்கும் காப்பி ராஸ்டரில் பின்புல மதிப்பையும் நோடேட்டாவையும் 0 என்று கொடுங்கள். படங்கள் பத்து இருபதைத் தாண்டினால் மொசைக் டேட்டாசெட் போடுவது நல்லது: பில்ட் ஃபுட்பிரிண்ட்ஸில் ரேடியோமெட்ரி முறையைத் தேர்ந்து, குறைந்த மதிப்பு 1 என்று கொடுத்து, ஷ்ரிங்க் தூரத்தில் 100 மீட்டர் அளவு போட்டால் அரிப்பு வேலை முழுவதும் அங்கேயே முடிந்துவிடும். என்வி மென்பொருளின் சீம்லெஸ் மொசைக்கில் 'டேட்டா இக்னோர் வேல்யூ' என்ற பெட்டி இதே வேலையைச் செய்கிறது.

நிறச் சமனும் கலப்பும்

பக்கத்துப் பாதையை ஒரே செயற்கைக்கோள் ஏழு நாள் கழித்துத்தான் எடுக்கும். லேண்ட்சாட் 8-உம் 9-உம் எட்டு நாள் இடைவெளியில் சுற்றுவதால், ஒரு பாதையை ஒன்றிலிருந்தும் அடுத்ததை மற்றதிலிருந்தும் எடுத்தால் ஒரே நாள் வித்தியாசத்தில் இரண்டு படங்கள் கிடைக்கும். நிறம் பொருந்துவதற்கு எந்தச் சமன் கருவியையும்விட இது உதவும். தேதியைத் தேர்வதில் செலவிடும் நேரம் வீண்போகாது.

ஹிஸ்டோகிராம் பொருத்தம் (ஒரு படத்தின் மதிப்புப் பரவலை இன்னொன்றோடு ஒத்துப்போக வைப்பது) செய்யும்போது 0-க்கள் கணக்கில் சேர்ந்தால் சராசரி கீழே இழுபட்டு, ஓரம் அதிகமுள்ள படம் தேவையில்லாமல் வெளுத்துப்போகும். மாஸ்க் போட்ட பிறகு புள்ளிவிவரத்தைப் புதிதாகக் கணக்கிடச் சொல்லுங்கள். பழைய ஆக்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பு பக்கத்தில் கிடந்தால் அழித்துவிடுங்கள், மென்பொருள் அதையே படிக்கும். விளிம்புகளைப் படிப்படியாகக் கலக்கும் ஃபெதரிங் முறையிலும் இதே விதி: வெற்றிடம் நீங்காத விளிம்பைக் கலந்தால் மெல்லிய கோடு அகலமான கரும்புகையாகப் பரவும். வகைப்படுத்தலுக்கோ குறியீட்டுக் கணக்குக்கோ மொசைக் செய்கிறீர்கள் என்றால் கலப்பையே தவிர்க்கலாம். இரண்டு தேதிகளின் சராசரி எந்தத் தேதியின் வயலும் ஆகாது.

பிரமிடு அடுக்குகளை (விலகிப் பார்க்கும்போது காட்டப்படும் சிறிதாக்கிய பிரதிகள்) கடைசியில் கட்டுங்கள். நோடேட்டா குறிக்கும் முன் கட்டிய பிரமிடில் 0-வும் நிலமும் சராசரியாகிக் கிடக்கும். நெருங்கிப் பார்த்தால் சுத்தமாகவும், விலகிப் பார்த்தால் கறுப்புக் கோட்டோடும் தெரிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய ஓவிஆர் கோப்பை அழித்து மறுபடி கட்டினால் சரியாகும்.

0 என்பதே தரவாக இருக்கும் இடங்கள்

தாவரப் பசுமையைக் காட்டும் என்டிவிஐ குறியீட்டில் 0 ஒரு முறையான மதிப்பு. அந்தக் கணக்குக்கு −9999-ஐ நோடேட்டாவாக வையுங்கள். உயர மாதிரிகளில் இன்னும் கவனம் தேவை: எஸ்ஆர்டிஎம் கோப்புகளில் வெற்றிடம் −32768, கடல்மட்டம் 0. சென்னைக் கடற்கரையை உள்ளடக்கிய டைல்களை 0 நோடேட்டா என்று ஒட்டினால் கடலோடு சேர்ந்து தாழ்வான கரையோர நிலமும் பழவேற்காட்டுக் கழிமுகமும் மறைந்துபோகும்.

லேண்ட்சாட் 7-இன் கதை வேறு. 2003 மே 31-இல் அதன் வரி திருத்தும் கருவி பழுதானபின் வந்த ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 சதவீதம் காலி. நடுவில் ஒன்றுமில்லாமல் தொடங்கி ஓரத்துக்குப் போகப்போக அகலும் ஆப்பு வடிவக் கோடுகள். அவையும் 0-தான், ஓரத்துக்குச் சொன்ன மாஸ்க் அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் பாலிகனைஸ் செய்து பெரிய பலகோணத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை அங்கே உதவாது. பட்டைகள் துண்டு துண்டாக உடையும். அதற்கு பிக்சல் மாஸ்க் ஒன்றே வழி.

முடிந்ததா என்று சோதிக்க, க்யூஜிஐஎஸ் திட்டப் பண்புகளில் பின்னணி நிறத்தைப் பளிச்சென்ற மெஜந்தாவாக மாற்றி ஒட்டு விளிம்புகள் நெடுக நகருங்கள். ஓட்டை இருந்தால் உடனே கத்தும். பிறகு படங்களின் வரிசையைத் தலைகீழாக்கி இன்னொரு விஆர்டி செய்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். படியும் பகுதி முழுக்கத் தேதி வித்தியாசத்தால் வரும் மெல்லிய மாறுபாடு மட்டும் தெரிய வேண்டும். படியும் பகுதியின் விளிம்பில் ஓரிரு பிக்சல் அகலத்துக்கு ஆயிரக்கணக்கில் வித்தியாசம் காட்டும் கோடு வந்தால், அந்தப் பக்கத்துப் படத்தின் கட்லைனை இன்னும் இரண்டு பிக்சல் உள்ளே தள்ளி மறுபடி ஓட்டுங்கள்.